துப்பாக்கி இல்லாத வேட்டை

பாபநாசம் படித்துறையில் விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தலை முழுகுகிறவர்கள், துணி அலசுகிறவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள். தாமிரபரணி சலசலத்து ஓடுகிறது. நிமிர்ந்து மேற்கே பார்த்தால் மலை. அதற்குப் பின்னால் இன்னொரு மலை. அதற்கும் பின்னால், மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது பொதிகை. உயரம் ஆறாயிரம் அடிக்கு மேல்.

சித்திரை வெயிலில் சிலர் அந்த மலைகளுக்குப் புறப்படுகிறார்கள். தோளில் பை. இடுப்பில் தண்ணீர். கழுத்தில் பைனாகுலர். கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் வேட்டைக்காரன் செய்யும் அத்தனை வேலையும் அவர்களுக்கு உண்டு. தடம் பார்க்க வேண்டும். புழுக்கை பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். பாறை மேல் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். கடைசியில் விலங்கு கண்ணில் பட்டதும் ஓர் எண்ணை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும்!

அவர்கள் தேடிப்போவது வரையாட்டை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் அது இயற்கையாக வாழ்கிறது. அதாவது, தமிழ்நாட்டை விட்டால் கேரளம். கேரளத்தை விட்டால் வேறெங்கும் இல்லை.

ஆடா, செம்மறியா?

வரை என்றால் மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்களில் இதற்கு வருடை என்று பெயர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழன் இதைப் பார்த்து, பெயர் வைத்து, பாட்டிலும் சேர்த்துவிட்டான்.

பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் இதை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்றார்கள். ஐபெக்ஸ் என்பது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள ஒரு காட்டு வெள்ளாடு. பிறகு இதை இமயமலையில் வாழும் 'தார்' என்ற ஆட்டின் தம்பி என்று சொன்னார்கள். வெகுகாலம் அப்படியே புத்தகங்களில் எழுதப்பட்டது. 2005-ல் விஞ்ஞானிகள் இரத்த உறவை மரபணுச் சோதனையால் ஆராய்ந்தார்கள். அப்போது ஓர் ஆச்சரியம் வெளிப்பட்டது. வரையாட்டுக்கு இமயமலை ஆடு அவ்வளவு நெருங்கிய சொந்தம் அல்ல. செம்மறியாடுதான் நெருங்கிய சொந்தம்! ஓமான் நாட்டுப் பாலைவன மலைகளில் உள்ள அரபு 'தார்' இன்னொரு தனிக் கிளை. மூன்றும் பாறையில் வாழ்ந்து பழகியதால் ஒரே சாயலாகிவிட்டன.

இந்த விஷயத்தில் தமிழ் தப்பித்தது. ஆடு என்று சொன்னால் வெள்ளாடும் அடங்கும், செம்மறியும் அடங்கும். வெள்ளைக்காரர்தான் பெயரை மாற்றி மாற்றி எழுத வேண்டியிருந்தது.

வளர்ந்த கிடா கருமை கலந்த பழுப்பு நிறம். வயதாக ஆக முதுகில் வெள்ளி போல ஒரு நரை படரும். குதிரைக்குச் சேணம் போட்டது போல் இருக்கும். பெட்டை சாம்பல் நிறம், உருவத்திலும் சிறியது. இரண்டுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. சுமார் 4,000 அடிக்கு மேல், புல்லும் செங்குத்துப் பாறையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் மட்டும் வாழும். புல் மேய்வதற்கு. பாறை தப்பிப்பதற்கு. சிறுத்தையோ செந்நாயோ துரத்தினால், மனிதன் எட்டிப் பார்க்கவே அஞ்சும் பாறை விளிம்பில் இது ஓடி இறங்கிவிடும்.

மந்தை படுத்து அசைபோடும் நேரத்தில் ஒன்று மட்டும் விழித்துக் காவல் நிற்கும். பெரும்பாலும் அது ஒரு பெட்டை. அதன் கண் பொல்லாதது. வெகு தூரத்தில் ஒரு தலை அசைந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

துரைமார் வேட்டை

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு இந்த ஆட்டைத் தேடி மலையேறியவர்கள் துரைமார்கள். அவர்களுடைய ஆசையெல்லாம் முதுகு நரைத்த பெரிய கிடா மேல்தான். அதன் தலையைப் பாடம் பண்ணிப் பங்களாச் சுவரில் மாட்டினால் ஒரு கௌரவம்.

முதல் தடவை வேட்டைக்குப் போகும் துரைக்கு மூத்த வேட்டைக்காரர்கள் சொன்ன யோசனை இது: வரையாடு கீழே பார்க்கும், மேலே அதிகம் பார்க்காது. ஆபத்து அடிவாரத்திலிருந்து வரும் என்பது அதன் எண்ணம். ஆகவே சுற்றிப் போய், அதற்கு மேலே ஏறி, மேலிருந்து இறங்கி வர வேண்டும். காற்று உன் பக்கத்திலிருந்து அதன் பக்கம் வீசக்கூடாது. சுட்ட ஆடு பாதாளத்தில் விழும்படியாகச் சுடக்கூடாது. விழுந்தால் கொம்பு நொறுங்கும். எடுத்து வரவும் முடியாது.

யோசனை நல்ல யோசனைதான். ஆட்டுக்குத்தான் கெட்ட காலம். நீலகிரியில் மந்தை மந்தையாக இருந்த வரையாடுகள் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நூறு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டதாக மதிப்பிடப்பட்டது.

அப்போது விழித்துக்கொண்டவர்களிலும் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1877-ல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் ஏற்பட்டது. 1879-ல் சட்டமும் வந்தது. மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத் துரைகள் தங்கள் வேட்டைக் காட்டைத் தாங்களே காவல் காத்தார்கள். முதுவர் என்ற மலைவாசிகள் காவலர்களாக இருந்தார்கள். அந்த இடம்தான் இன்றைய இரவிகுளம் தேசியப் பூங்கா. உலகத்திலேயே வரையாடு அதிகமாக உள்ள இடம் அது. சுடுவதற்காகக் காத்தார்கள், காத்ததால் மிஞ்சியது. கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

ஈ. ஆர். சி. டேவிதார் குன்னூரில் வக்கீல். வேட்டையில் பழகியவர். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். 1960-களிலும் 1970-களிலும் மலை மலையாக நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார். எந்த மலையில் எத்தனை என்று ஓரளவு முழுமையாக ஒரு பட்டியல் கிடைத்தது அவரால்தான். அவரைச் சிறப்பிக்க அக்டோபர் 7-ஐ இப்போது தமிழ்நாடு அரசு வரையாடு தினமாகக் கொண்டாடுகிறது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரையாடு முதல் அட்டவணையில் சேர்ந்தது. இதைக் கொன்றால் குறைந்தது மூன்று வருஷம் சிறை. ஏழு வருஷம் வரைக்கும் போகலாம். அபராதம் தனி.

முதல் தடவை ஏறுகிறவருக்கு

துப்பாக்கிதான் போயிற்றே தவிர, மலை மாறவில்லை. ஆட்டின் கண்ணும் மங்கவில்லை. முதல் தடவை எண்ணப் போகிறவர் பழைய வேட்டைக்காரர் படித்த பாடம் முழுவதையும் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கால். சமவெளியில் பத்து மைல் நடப்பவருக்குக்கூட மலையில் இரண்டு மைல் திணறும். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலைப் பதம் பார்க்கும். ஆகையால் ஒரு மாதம் முன்பிருந்தே சுமையோடு நடந்து பழக வேண்டும். புதுச் செருப்பு, புது பூட்ஸ் கூடவே கூடாது. பழகாத பூட்ஸ் முதல் நாளே கொப்புளம் போடும். கொப்புளம் போட்ட காலோடு பாறை விளிம்பில் நிற்பது உயிர் விஷயம்.

அடுத்தது தண்ணீர். பொதிகையில் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்கலாம். காட்டுக்குள் பஞ்சம் இல்லைதான். ஆனால் வரையாடு நிற்கும் பாறை மொட்டை வெயிலில் காயும் பாறை. ஒரு மரம் கிடையாது. நிழல் கிடையாது. அனல் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். அந்த இடத்துக்கும் பாலைவனத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஓடை ஆயிரம் அடி கீழே ஓடும். சத்தம் கேட்கும், குடிக்க முடியாது. எனவே கடைசி ஓடையிலேயே எல்லாப் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு ஏற வேண்டும்.

அதே மலையில் சாயங்காலம் மழை கொட்டும், மஞ்சு மூடும், பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியமாட்டார். பகலில் வெந்தவர் இரவில் நடுங்குவார். கம்பளி, மழைக் கோட்டு, தீப்பெட்டியைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் உறை—இந்த மூன்றும் எடை குறைந்தவை. விட்டுவிட்டுப் போனவர் வருந்துவார்.

சோலைக் காட்டைத் தாண்டும்போது அட்டை ஏறும். வலிக்காது, இரத்தம் போவதும் தெரியாது. உப்பும் சுண்ணாம்பும் பழைய வைத்தியம். காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்வது அதைவிட நல்ல வைத்தியம்.

சட்டை வெள்ளையாக இருக்கக் கூடாது. மண் நிறம், இலை நிறம் நல்லது. பீடி கூடாது. வாசனைத் தைலம் கூடாது. பேச்சு கூடவே கூடாது. செல்போன் மணி அடித்தால் அன்றைய வேலை முடிந்தது!

எல்லாவற்றுக்கும் மேலாக, கூட வருகிற காணிக்காரர். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் குடியிருப்புகளில் வாழும் மலைவாசிகள் இவர்கள். யானை எந்த வழியில் இறங்கியிருக்கிறது, எந்தப் பாறை வழுக்கும், எந்த ஓடை சித்திரையிலும் வற்றாது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். 1987-ல் கேரளத்துப் பக்கம் ஒரு விஞ்ஞானிகள் குழு இதே மலைத் தொடரில் அலைந்தது. விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் மட்டும் களைக்கவில்லை. ஏதோ ஒரு காயை அவ்வப்போது மென்றுகொண்டே நடந்தார்கள். அதுதான் பிறகு 'ஆரோக்கியப் பச்சை' என்று பெயர் பெற்ற செடி. மலையைப் பற்றி யாரிடம் கேட்டுப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இந்த மலைகள் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. 1988-ல் ஏற்பட்ட இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நினைத்தவர் நினைத்தபோது ஏற முடியாது. காட்டிலாகாவின் அனுமதி வேண்டும்.

எண்ணுவது எப்படி?

நெல்லைச் சீமையில் வயலில் கிடை போடும் கீதாரிக்கு ஆடு எண்ணுவது பெரிய காரியம் அல்ல. பட்டியின் வாசலில் நின்று ஒவ்வொன்றாக விட்டு எண்ணிவிடுவார். ஒன்று குறைந்தாலும் தெரியும். மலையாட்டை யார் பட்டியில் அடைப்பது?

அதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள்.

ஒரு வழி, ஒரே மலைப்பகுதியைத் திரும்பத் திரும்ப எண்ணுவது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இப்படிச் சில நாள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வரும். உதாரணமாக ஒரு முறை 24 ஆடு, இன்னொரு முறை 21, மற்ற நேரங்களில் அதற்கும் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 24 ஆடாவது இருப்பது நிச்சயம். ஆனால் அந்த 24-ஐப் பார்த்தபோதும் சில மறைந்திருக்கலாம் அல்லவா? அதிகமான எண்ணுக்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 3. அந்த மூன்றைக் கூட்டி, சுமார் 27 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இன்னொரு வழி, இரண்டு கோஷ்டி. முதல் கோஷ்டி ஒரு பாதையில் போகும். சிறிது நேரம் விட்டு இரண்டாவது கோஷ்டி அதே பாதையில் போகும். ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்லக் கூடாது. முதல் கோஷ்டி ஐந்து மந்தை பார்த்தது. இரண்டாவதும் ஐந்து பார்த்தது. அதில் நான்கு மந்தை இருவரும் பார்த்தவை. அப்படியானால் ஆளுக்கு ஒரு மந்தை தவறவிட்டிருக்கிறார்கள். இருவருமே தவறவிட்டது எத்தனை இருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.

ஆட்டின் எண்ணிக்கை மட்டும் போதாது. கிடா எத்தனை, பெட்டை எத்தனை, போன வருஷத்துக் குட்டி எத்தனை, இந்த வருஷத்துக் குட்டி எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். ஐம்பது ஆடு இருந்து ஒரு குட்டிகூட இல்லை என்றால் அந்த மந்தைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம். குட்டிகள் பெரும்பாலும் தை, மாசியில் பிறக்கின்றன. சித்திரையில் அவை தாயோடு துள்ளித் திரியும். கண்ணில் நன்றாகப் படும். தென்மேற்குப் பருவமழையும் ஆரம்பித்திருக்காது. அதனால்தான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2025-ல் இதையெல்லாம் பதிவு செய்ய ஒரு செல்போன் செயலியும் வந்துவிட்டது. அதற்கு வைத்த பெயர் 'வருடை'. சங்க காலத்துப் பெயர் செல்போனுக்குள் புகுந்துகொண்டது!

ஆடு கூடியதா, இடம் கூடியதா?

வரையாட்டைக் காப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் போட்டது. 2022 டிசம்பரில் உத்தரவு வந்தது. ஐந்து வருஷத்துக்குச் சுமார் 25 கோடி ரூபாய். 2023 அக்டோபரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார்.

திட்டத்தின் முதல் கணக்கெடுப்பு 2024 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை நடந்தது. 140 மலைப்பகுதிகளில் எண்ணினார்கள். கிடைத்த கணக்கு 1,031. அடுத்த வருஷம் ஏப்ரல் 24 முதல் 27 வரை தமிழகமும் கேரளமும் ஒரே சமயத்தில் எண்ணின. ஒரே சமயம் ஏன்? ஆட்டுக்கு மாநில எல்லை தெரியாது. காலையில் இந்தப் பக்கம் எண்ணிய ஆட்டை மறுநாள் அந்தப் பக்கம் எண்ணிவிடக் கூடாது அல்லவா? அந்தத் தடவை தமிழ்நாட்டுக் கணக்கு 1,303. கேரளத்தில் அதைவிடச் சற்று அதிகம்.

ஆயிரத்து முப்பத்தொன்று ஒரே வருஷத்தில் ஆயிரத்து முந்நூற்று மூன்று ஆயிற்று. சந்தோஷமான செய்திதான். ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பெட்டை வரையாடு பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். பிறந்த குட்டியெல்லாம் பிழைப்பதும் இல்லை. காட்டில் இதன் சராசரி ஆயுளே மூன்று, மூன்றரை வருஷம் என்கிறார்கள். அப்படிப்பட்ட பிராணி ஒரே வருஷத்தில் கால் பங்குக்கு மேல் பெருகுவது மிகவும் அபூர்வம்.

பின் எப்படிக் கூடியது? 2024-ல் எண்ணிய பகுதிகள் 140. 2025-ல் அவை 175-க்கு மேல் ஆயின. அதாவது எண்ணிய இடமும் கால் பங்குக்கு மேல் கூடியது. ஆடும் அதே அளவு கூடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கூடிய ஆடுகளில் பெரும்பகுதி புதிதாகப் பிறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. முன்பே இருந்தவை, போய்ப் பார்க்காததால் கணக்கில் வராதவை.

இது குறை சொல்வதற்காக அல்ல. உண்மையில் இது நல்ல வேலை நடந்ததற்கு அடையாளம். ஆனால் 'பெருகிவிட்டது' என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிவிட்டால்தான் ஆபத்து. 2015-ல் உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து 3,122 என்று சொல்லியிருந்தது. 2025-ன் மொத்தம் அதைவிடக் குறைவு. அதை வைத்து 'பத்து வருஷத்தில் குறைந்துவிட்டது' என்று அலறினாலும் தவறுதான். எண்ணிய முறை வேறு; எண்ணிய இடம் வேறு. ஒரே முறையில், ஒரே இடங்களில், பல வருஷம் எண்ணினால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும்.

கணவாய்க்குத் தெற்கே

மொத்தக் கணக்கில் நெல்லை மலைகளுக்கு என்ன பங்கு? பெரிய மந்தைகள் எல்லாம் வடக்கே இருக்கின்றன. நீலகிரி முக்கூர்த்தியிலும், ஆனைமலைப் புல்மலைகளிலும், கேரளத்து இரவிகுளத்திலும் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். தெற்கே வர வர மந்தை சிறியது. பொதிகை, களக்காடு, கன்னியாகுமரி மலைகளில் இருப்பவை அங்கொன்றும் இங்கொன்றுமான சிறு கூட்டங்கள். அகத்தியமலைத் தொடரில் வரையாட்டு மொட்டை, வரையாட்டுமுடி என்றெல்லாம் குன்றுகளுக்குப் பெயர் உண்டு. பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் அங்கே ஆடுகள் நின்றிருக்கின்றன.

இந்தத் தென்கோடி ஆடுகளுக்கு ஒரு தனிக் கஷ்டம். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயில் போகிறதே, அந்தக் கணவாய் மலைத் தொடரை இரண்டாக வெட்டுகிறது. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அது வழி. வரையாட்டுக்கு அது சுவர். தாழ்ந்த, வெப்பமான காட்டுக்குள் இறங்கி, ரோட்டையும் தோட்டங்களையும் தாண்டி, எதிர்மலை ஏறும் பழக்கம் அதற்குக் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் ஆடு பெருகினாலும் பொதிகைக்கு ஒன்றும் வராது. தெற்கே ஒரு கூட்டம் அழிந்தால் வடக்கிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை.

நானூறு ஆடு உள்ள இடத்தில் பத்துச் செத்தால் தெரியாது, தாங்கிக்கொள்ளும். பன்னிரண்டு ஆடு உள்ள பாறையில் ஒரு சிறுத்தை, ஒரு காட்டுத் தீ, ஒரு திருட்டுத் துப்பாக்கி போதும். இரண்டு வருஷத்தில் பாறை காலியாகிவிடும். காலியானது கீழே இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஏனென்றால் அங்கே ஏறிப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். வடக்கே புல்வெளிக்குப் பக்கம் வரை ஜீப் போகிறது. இங்கே காட்டுக்குள் நாள்கணக்கில் நடை.

கீழே இருப்பவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். தாமிரபரணி பிறப்பது இந்த மலையில். சுமார் 80 மைல் ஓடி, எட்டு அணைக்கட்டுகளில் தண்ணீரைப் பிரித்துக் கொடுத்து, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வயலுக்கும் வீட்டுக் குழாய்க்கும் போய், புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. ஆடு இருப்பதால்தான் ஆறு ஓடுகிறது என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஆடு மேயும் புல்வெளியும் அதன் மடிப்புகளில் உள்ள சோலைக் காடும்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் சிறுகச் சிறுக விடுகின்றன. புல்லைத் தீ தின்றாலோ, களைச்செடி மூடினாலோ, முதலில் வாடுவது வரையாடு. ஆறு வாடுவது பிறகு. பாறையில் குட்டி குறைகிறது என்ற செய்தி, பாபநாசம் படித்துறைக்கு முன்கூட்டியே வந்த கடிதம் மாதிரி.

கடல் கடந்து

மெக்சிகோ நாட்டில் திபுரோன் என்று ஒரு பாலைவனத் தீவு. மழை அபூர்வம், கள்ளியும் பாறையும்தான். 1975-ல் அங்கே 20 காட்டுச் செம்மறிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். இருபது வருஷத்தில் அவை பல நூறு ஆயின. பிறகு குறிப்பிட்ட சில கிழக்கிடாக்களை மட்டும் சுட லைசென்ஸ் கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பணக்காரர்கள் பெருந்தொகை கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தீவுக்கு உரிய செரி என்ற பழங்குடி மக்களுக்குப் போனது. பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்கோர் என்ற காட்டு ஆட்டுக்கும் இதே ஏற்பாடு. ஒரு லைசென்ஸ் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போகிறது. அதில் நூற்றுக்கு 80 பங்கு உள்ளூர் மக்களுக்கு. திருட்டு வேட்டையை ஊராரே தடுத்தார்கள். ஆடு பெருகியது.

'நம் ஊரிலும் இப்படிச் செய்தால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் இடம் தராது என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில், பெரிய மந்தையில் ஒரு கிழக்கிடா போனால் பாதகம் இல்லை. பத்துப் பன்னிரண்டு மட்டுமே உள்ள கூட்டத்தில் ஒரு கிடா போனால் குடும்பமே போகும். எத்தனை இருக்கிறது என்றே இப்போதுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். அதற்குள் ஏலம் எங்கே வந்தது?

அந்த ஏற்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. மலையில் வாழ்கிறவருக்கு ஆடு இருப்பதால் ஒரு பலன் இருக்க வேண்டும். காணிக்காரருக்குச் சுமை தூக்கும் கூலியோடு காரியம் முடிந்துவிடக் கூடாது. வருஷம் முழுவதும் பாறைகளைக் கவனிக்கும் நிரந்தர வேலை, அவர் பிள்ளைகளுக்குக் கணக்கெடுப்புப் பயிற்சி, அவர் பார்த்ததை அவர் பெயரிலேயே பதிவு செய்வது—இவற்றுக்கெல்லாம் 25 கோடியில் இடம் இருக்கும்.

இன்னொரு காரியமும் உண்டு. அதற்குச் செலவே இல்லை. சில வேளை கோஷ்டி ஏறும். மூன்று நாளும் மஞ்சு விலகாது. ஒன்றும் தெரியாமல் இறங்கி வரும். சில வேளை வானம் தெளிவாக இருக்கும். பாறை முழுவதையும் பார்த்து, புழுக்கைகூட இல்லை என்று கண்டு இறங்கி வரும். இரண்டுக்கும் நோட்டில் ஒரே பூச்சியம் விழுந்தால் பத்து வருஷம் கழித்துப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'ஆடு இல்லை' என்பது வேறு. 'பார்க்க முடியவில்லை' என்பது வேறு. தென்கோடிப் பாறைகளுக்கு முதல் தடவை ஏறுகிறவர்கள் இதைத் தனித்தனியே எழுதி வந்தால் போதும். மஞ்சு மூடிய பாறைக்கு அடுத்த சித்திரையில் இன்னொரு கோஷ்டி ஏறும்.